யானைக்கு நெல்

பிரிக்ஃபீல்ட்ஸ் வழக்கறிஞர் அலுவலகத்தில் மதிய உணவு நேரம். சன்னல் வழியே விழும் வெயில் தட்டச்சு இயந்திரத்தின் மேல் கோடு கோடாகக் கிடக்கிறது. பண்டமாரானிலிருந்து வந்திருக்கும் லோரி ஓட்டுநர் வாசு, அரசர் காலத்துப் போரைக் கம்ப்யூட்டர் விளையாட்டாக்கிய கம்பெனிக்குப் புகார்க் கடிதம் சொல்லச் சொல்ல, அலுவலகத் தட்டச்சாளர் கோமதி அதை ஆங்கிலத்தில் அடிக்கிறாள். “மொத பாகத்துல யானைப்படை சும்மாவே சண்டை போட்டுச்சு. ரெண்டாவதுல நெல்லு கேக்குது லா. போடலன்னா பாதி வழியில நின்னுடுது. ராஜா சண்டைக்குப் போவாரா, நெல்லு தேடுவாரா? இத மாத்தணும்னு போடு.” தட்டும் சத்தம் நிற்கிறது. “சாப்பிடாம யானை எப்படிண்ணே நடக்கும்? எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு,” என்கிறாள் கோமதி, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். “நீயும் வெளாடுறியா?” “தம்பி கம்ப்யூட்டர்ல. நேத்து யானைக்கு நெல்லு வெளைய வயல் போட்டு, ஆத்தங்கரைக் கோட்டையப் பிடிச்சிட்டேன்.” மூன்று வாரமாக அதே கோட்டை வாசலில் யானைகளைப் பட்டினி போட்டுக்கொண்டிருக்கும் வாசு, நாற்காலியை அவள் மேசைப் பக்கம் இழுத்துப் போடுகிறார். பிறகு கடிதத்தை இயந்திரத்திலிருந்து மெல்ல உருவிப் பின்பக்கம் திருப்பி, ஒரு பேனாவையும் சேர்த்து அவள் முன்னால் வைக்கிறார். “வயல எங்க போட்ட? வரைஞ்சு காட்டு.”