ஹல்வாரின் நாக்கு

"டேப் மெஷினைப் பார்த்ததும் எல்லாரும் ரேடியோ மாதிரி பேச ஆரம்பிச்சிடறாங்க, ஐயா. நீங்களாவது வீட்டுப் பேச்சு பேசுவீங்களா?"

கேட்கும்போதே தூரிலுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் பதினோரு பண்ணை ஏறி இறங்கிவிட்டாள். கடைசிப் பண்ணைக்காரர் செய்தியே வாசித்துக் காட்டினார், வானிலை உட்பட. அந்த மண்ணிலேயே பிறந்த ஒருவருடைய பேச்சை ஒலிக்குறிகளில் எழுதிக்கொண்டு போகாவிட்டால், ஆராய்ச்சி வேறு யாருக்காவது போய்விடும். ஆஸ்லோவில் பேராசிரியர் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார். ஊர்க் கடைக்காரர் பரிதாபப்பட்டு, "நோட்டோட வர்றவங்களை ஹல்வார் வீட்டுக்குத்தான் அனுப்புவோம்" என்று கை காட்டியிருந்தார்.

"வேற பேச்சு எனக்கு இப்ப வரவே வராது, புள்ள" என்றார் ஹல்வார்.

"புல்லு காயப்போடற பந்தலுக்கு இங்க என்ன பேரு?"

சொன்னார். நடுவில் ஓர் ஒலி, நம் ழகரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி போல நாக்கை மடித்துக்கொண்டு வந்தது. தூரிலின் பென்சில் துள்ளியது.

"இன்னொரு தடவை?"

மூன்று தடவை சொன்னார். அவள் எழுதி முடிக்கும்வரை அடுத்த சொல்லுக்கு நகரவில்லை. இப்படி ஓர் ஆள் கிடைக்கத் தவம் செய்திருக்க வேண்டும்.

அடுப்பருகே வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி யூருன் திரும்பினாள். "அது அப்படியில்ல, கொஞ்சம் இழுத்து..."

"அம்மா, டேப்பு ஓடுது. நடுவுல பேசாதீங்க, ப்ளீஸ்."

யூருன் வாஃபிளைத் திருப்பிப் போட்டாள்.

"வெளியூர்ல எங்கயாவது தங்கியிருக்கீங்களா, ஐயா?"

"கல்யாணம் ஆனதிலேருந்து ஒரு ராத்திரிகூட இல்ல. இவ விட்டாத்தானே."

சாயங்காலத்துக்குள் இரண்டு நோட்டு நிரம்பிவிட்டது. தூரிலுக்கு எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது. முதலில் நிரப்பியிருக்க வேண்டிய படிவத்தை அப்போதுதான் எடுத்தாள்.

"பிறந்த இடம்... இதேதான், நானே எழுதிடறேன்."

"பெர்கன் பட்டணம்" என்றார் ஹல்வார். "நீ கேட்கவே இல்லையே, புள்ள."

பென்சில் நின்றது.

"இந்த மனுஷனும் உன்னை மாதிரி நோட்டும் பென்சிலுமா இந்த வீட்டுக்கு வந்து, என்கிட்ட ஒவ்வொரு சொல்லா கேட்டு எழுதினவர்தாம்மா" என்றபடி யூருன் தட்டை மேஜையில் வைத்தாள். "முப்பத்தெட்டு வருஷமா கத்துக்கிட்டிருக்கார். இப்பவாவது நான் பேசலாமா?"