கொஞ்சம் செட்டாகணும்

"அந்தச் சத்தம் இருந்துட்டுப் போகட்டுமேங்க. இத்தனை வருஷம் அதோட ஓட்டியாச்சு, மீதியையும் ஓட்டிடலாம்" என்று என் வீட்டுக்காரி கெஞ்சியபோது, நான் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். என் உயிர்மேல் அவளுக்கு இருக்கும் அக்கறையை நினைத்துக் கண் கலங்கிவிட்டது. துடைத்துப் பார்த்தால், கண்ணில் விழுந்திருந்தது துரு.

எங்கள் கார் என்னைப் போலத்தான். பலபேரிடம் உழைத்து ஓய்ந்தது. முன்சக்கரம் ஒரு கூழாங்கல்லில் ஏறினாலும் கடகடவென்று அலறும். நான் மூட்டை தூக்கும் கிடங்கில் என் பெயரே 'கடகடா' என்று ஆகிவிட்டது.

அந்தச் சத்தத்தால் ஒரே ஒரு லாபம் உண்டு. நான் தெருமுனையில் திரும்பும்போதே அவள் கதவைத் திறந்துகொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள், முகம் வியர்த்து, மூச்சு வாங்க. புருஷன் வருகிறான் என்று இப்படி ஓடி வருகிற பெண்டாட்டி எத்தனை பேருக்கு வாய்க்கும்?

"மெக்கானிக்கிட்ட விட்டா என்ன?"

"வீட்டுல ஃபேன், சுவிட்ச், குழாய்னு எல்லாம் பாத்த கைடி இது."

"அதான் பயமா இருக்கு."

என் கைக்கு ஒரு குணம் உண்டு. நான் ரிப்பேர் பார்த்த எதுவும் உடனே வேலை செய்யாது. அன்றைக்கு முரண்டு பிடிக்கும். மறுநாள் நான் வெளியே போய்விட்டுத் திரும்பினால் தானாகவே சரியாகியிருக்கும். "கொஞ்சம் செட்டாகணும்" என்பேன். முந்தின நாள் நான் வாஷர் மாற்றிய சமையலறைக் குழாய்கூட அப்போது சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

"இது மட்டும் சொதப்பிச்சு, உங்க டூல் பாக்ஸ் பழைய இரும்புக்குப் போயிடும். சொல்லிட்டேன்."

"சரியா வந்துட்டா?"

"ஆயுசுக்கும் உங்க ரிப்பேரைப் பத்தி வாயத் திறக்க மாட்டேன்."

பந்தயம் பெரிசு. அந்தப் பெட்டி இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் நான் வெறும் மூட்டைக்காரன்தான்.

முன்சக்கரத்தைத் தாங்கும் பழைய பால் ஜாயிண்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்தேன். அது அசையவில்லை, என் கட்டைவிரல் நசுங்கியது. அடுத்து சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம். ஓட்டைக்கு ஓட்டை சேராமல் அதோடு மல்லுக்கட்டி ஓய்ந்த பிறகுதான், இடது பக்கத்து ஆர்மை வலது பக்கத்தில் மாட்டப் பார்க்கிறேன் என்பது உறைத்தது.

ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று வருகிறது என்று எண்ண வேண்டும். புதுசை அதே சுற்றுக்கு ஏற்றினால்தான் சக்கரம் ஓரளவு நேராக நிற்கும். நானும் ஒழுங்காகத்தான் எண்ணிக்கொண்டு வந்தேன்.

"டீக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ரெண்டு!" என்றேன். என் கணக்கு அந்தச் சர்க்கரையோடு கரைந்தது.

ஷாக் அப்சார்பரையும் மாற்றி, ஜாக்கியை இறக்கி, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். ஸ்டியரிங் ஒரு பக்கம் பார்த்தது, கார் வேறு பக்கம் போனது. ஆனால் சத்தம்? மூச்! எனக்கே நம்பிக்கை வராமல் இன்னொரு பள்ளத்தில் இறக்கிப் பார்த்தேன். அப்போதும் மூச்.

"சத்தம் போச்சா?" என்று சமையலறையிலிருந்தே கேட்டாள்.

ஓசைப்படாமல் வந்து நின்று அவளை அசத்த வேண்டும் என்று ஆசை. அதனால், "இல்ல, கொஞ்சம் செட்டாகணும்" என்று புளுகினேன். "அலைன்மெண்ட் பாத்துட்டு வந்துடறேன்."

"எவ்வளவு நேரமாகும்?"

"கூட்டம் இருந்தா ரெண்டு மணி நேரம்."

"அவசரமே இல்ல. நிதானமா வாங்க."

"குழாய் இன்னும் சொட்டுது போல?"

"நீங்க வர்றதுக்குள்ள அது செட்டாயிடும்ங்க. எப்பவும் போல."

அலைன்மெண்ட் கடையில் ஈ, காக்கை இல்லை. கடைக்காரர் என் ஸ்டியரிங் கோணிக்கொண்டு நின்ற அழகைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அடியில் விளக்கைக் காட்டி ரொம்ப நேரம் பார்த்தார்.

"யாரு மாத்தினது?"

"நான்தாங்க" என்றேன், திட்டு வாங்கத் தயாராகி.

"கச்சிதமா இருக்குண்ணே. நட்டு, பின்னு எதுலயும் குறை சொல்ல முடியாது."

நான் தொட்ட ஒரு சாமான், ஒரு நாள்கூடக் காத்திருக்காமல், தொட்ட அன்றைக்கே வேலை செய்தது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. அவர் ஸ்டியரிங்கையும் நேராக்கிக் கொடுக்க, சீக்கிரமே கிளம்பிவிட்டேன்.

தெருமுனையில் திரும்பினேன். பூனை நடந்தாலும் என் காரைவிடச் சத்தம் கேட்கும். கதவு திறக்கவில்லை, வாசலில் அவள் இல்லை. ஜெயித்த டூல் பாக்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு, என் சாவியால் கதவைத் திறந்து, நெஞ்சை நிமிர்த்திச் சமையலறைக்குள் நுழைந்தேன்.

பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரி குனிந்து டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். கால்களுக்குச் சொந்தக்காரரான பிளம்பர் தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்தார். முகம் வெளிறிப்போய் அவளைப் பார்த்தார். பக்கத்தில் என் வாஷர் கிடந்தது.

"என்னக்கா இது? எப்பவும் கார் சத்தம் கேட்டதும் என்னைப் பின்வாசல்ல தள்ளி விட்டுட்டு ஓடுவீங்க. இன்னிக்குச் சத்தமே கேக்கலையே!"

என் கையிலிருந்த டூல் பாக்ஸ் திடீரென்று ஒரு மூட்டை கனம் கனத்தது.

"என்னடி நடக்குது இங்க?"

அவள் டார்ச்சை அணைத்தாள்.

"குழாய் செட்டாகிட்டு இருக்குங்க."