கோடு இல்லாத பில்

தாம்பரம் ஸ்டேஷன் எதிரே இருந்த கிளினிக்கில், ஹார்ட் டெஸ்ட்டுக்கு முன்னால் பில்லைக் கையில் கொடுத்து, மாடிக்குப் போய்ப் பணம் கட்டி வரும்படி தனசிங்கை அனுப்பினார்கள்.

மாடி கிளார்க் பில்லைத் திருப்பிக் கொடுத்தார். "டெஸ்ட்டுக்குக் கோடு இல்லியே சார். கீழே கேட்டுகினு வாங்க."

கீழே கம்பவுண்டர் ஸ்கேலை வைத்து, பில்லில் அழகாக ஒரு கோடு போட்டுக் கொடுத்தார்.

"இந்தக் கோடு இல்ல சார், நம்பர் கோடு!" என்றார் மாடி கிளார்க்.

மறுபடி இறங்கி, நம்பர் வாங்கி ஏறினால், "இது எக்ஸ்ரே நம்பராச்சே!"

தனசிங்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூச்சிரைக்க இறங்கி, டாக்டர் ரத்தினபாயின் அறைக்குள் நுழைந்தார். "நோயாளியை இப்படியா அலைக்கழிப்பீங்க? மனசாட்சி வேண்டாம்?"

"சட்டையைக் கழட்டிட்டுப் படுங்க." டாக்டர் மார்பில் ஒயர்களைப் பொருத்தினார். "படி ஏறி இறங்கின உடனே எடுக்க வேண்டிய டெஸ்ட் இது. ஏறுங்கன்னா பயப்படறாங்க, பில்லுன்னா ஓடறாங்க."

"இது யார் குடுத்த ஐடியா?"

"நீங்கதான் சார். உங்க ஆபீஸ் மெடிக்கல் பில் செக்‌ஷன்ல, கோடு நம்பர் சரியில்லைன்னு எங்கப்பாவை நாள் பூரா மாடி ஏத்தி இறக்கினீங்களே! அவர் ஹார்ட் கல்லு மாதிரி இருக்குன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

டாக்டர் கிராஃபை இழுத்துப் பார்த்துச் சிரித்தார்.

"கவலைப்படாதீங்க. உங்க ஹார்ட்டும் கல்லுதான்."