நாலு இஞ்ச் இறக்கம்

“நாலு இஞ்ச் இறக்கணும்ண்ணே. பின்பக்கம் மட்டும்.”

ரெஜினா சொன்னதைக் கேட்டு மெக்கானிக் இசக்கிமுத்து சிரித்துவிட்டார். காலேஜ் பையன்கள் காரைத் தாழ்த்தி ஓட்டுவார்கள், சரி. குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாகத் தண்ணீர் கேன் போடும் பிக்கப் வண்டிக்கு எதற்கு அந்த அழகு?

“அழகுக்கு இல்லண்ணே. தெனம் நூறு கேனு தூக்கி மேல வெக்கிறதுக்குள்ள தோளு கழண்டுக்கினு வருது. நான் இனிமே வளர மாட்டேன். வண்டிதான் குள்ளமாவணும்.”

நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, மந்தாரக்குப்பம் சாலையில் இருந்தது இசக்கிமுத்துவின் ஷெட். சுரங்கத்தில் பர்மனென்ட் வேலை தேடித் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர். அது கிடைக்காமல் ஸ்பேனரைப் பிடித்து இருபது வருஷமாகிறது. வேலை சுத்தம். கைதான் சுத்தமில்லை.

டார்ச்சோடு வண்டிக்கு அடியில் நுழைந்தவர் சற்று நேரம் வெளியே வரவே இல்லை. பின்பக்க ஆக்ஸில் அப்படி மின்னியது. கறுப்புப் பெயிண்ட் கலையாமல், ஒரு பொட்டுத் துரு இல்லாமல், அன்று காலைதான் பெட்டியிலிருந்து எடுத்தது போல.

அவர் பார்வை ஷெட் மூலைக்குப் போனது. அங்கே அவருடைய சொந்த பிக்கப், பின்சக்கரங்கள் இல்லாமல் மரக்கட்டைகள் மேல் நின்றுகொண்டிருந்தது. அதற்கு மாட்டுவதற்காகப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து வாங்கிய ஆக்ஸில் பக்கத்தில் கிடந்தது. ஓட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை. பார்க்கத்தான் கிணற்றிலிருந்து தூக்கியது போலச் செக்கச் செவேலென்று துருவேறியிருந்தது.

இரண்டு வண்டியும் ஒரே மாடல்.

“ஆக்ஸிலைக் கழட்டித்தான் ஆகணும்மா. பட்டை ஸ்பிரிங் இப்ப அதுக்கு மேல உக்காந்திருக்கு. அதைக் கீழ கொண்டுபோனாத்தான் வண்டி இறங்கும்” என்றார். அது உண்மைதான். உண்மை கிடைக்கிற இடத்தில் அவர் பொய் சொல்வதில்லை.

“நான் இங்கியே குந்திக்கினு இருக்கட்டா?”

“வேண்டாம்மா. வெல்டிங் வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது. அஞ்சு மணிக்கு வா.”

ரெஜினா தயங்கினாள். சாவியை நீட்டியவள் கையை உடனே எடுக்கவில்லை. “உங்கள நம்பித்தான் வுட்டுட்டுப் போறேன். எங்க வூட்டுக்கு இந்த வண்டிதான் சோறு போடுது.”

இசக்கிமுத்துவுக்கு நெஞ்சில் லேசாக ஏதோ குத்தியது. அவள் போனதும் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். பின்னாலிருந்து முணுமுணுப்புகூட இல்லை. இத்தனை நல்ல சாமான் தண்ணீர் கேன் சுமக்க எதற்கு? குத்தல் நின்றுவிட்டது.

சாப்பாட்டு நேரத்துக்குள் துருப்பிடித்த ஆக்ஸில் ரெஜினாவின் வண்டிக்கும், மின்னும் ஆக்ஸில் அவருடைய வண்டிக்கும் இடம் மாறிவிட்டன. கழற்றியதில் இருந்த ஆயிலைக்கூட அவர் வடிக்கவில்லை. அதை மட்டும் ஏன் விட வேண்டும்?

சரியாக ஐந்து மணிக்கு ரெஜினா வந்தாள். தண்ணீர் நிரம்பிய கேன் ஒன்றைத் தூக்கி வண்டியில் வைத்துப் பார்த்தாள். இடுப்பு உயரத்தில் அலுங்காமல் போய் உட்கார்ந்தது. “அட!” என்றவள், சட்டென்று குனிந்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தாள்.

இசக்கிமுத்து கையிலிருந்த ஸ்பேனரை மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

“ஏண்ணே, இது கறுப்பா இல்ல இருந்திச்சு? செவந்து கெடக்குது?”

“டீசல் ஊத்திக் கழுவினேம்மா, பெயிண்ட் போயிட்டு. இரும்புக்கும் மூச்சுவிட இடம் வேணும்லா?”

ரெஜினா அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். “இதெல்லாம் எனக்கு இன்னாண்ணே தெரியும்? நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும்.” கூலியைக் கொடுத்து, இரண்டு தடவை நன்றி சொல்லி, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

இசக்கிமுத்து நெற்றி வியர்வையை வழித்து உதறினார். தன் பிக்கப்பின் முதுகில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார்.

டவுன்ஷிப் பஸ் நிறுத்தத்தில் ஷிப்ட் முடிந்து காத்திருந்தான் ரெஜினாவின் கணவன் மைக்கேல். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஃபிட்டர். ஏறி உட்கார்ந்தான். வண்டி இரண்டு பிளாக் தாண்டும் வரை தலையைச் சாய்த்துப் பின்பக்கச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தான்.

“மாத்திட்டாரா?”

“மாத்திட்டாருங்க. போன வருசம் நம்ம செல்ஃப் மோட்டார எடுத்துக்கினு பழச மாட்டுனாரே, அதவிட வேகமா.”

“அருமையான ஆக்ஸிலு ரெஜி. இன்னும் பத்து வருசம் ஓடும்.”

கியர் பல் தேய்ந்து ஒரு மாதமாக ஊளையிட்டுக்கொண்டிருந்த தங்கள் ஆக்ஸிலின் வாயை அடைக்க ஆயிலில் மரத்தூள் கலந்து ஊற்றி, மேலே இரண்டு கோட்டிங் கறுப்புப் பெயிண்ட் அடித்ததில் மைக்கேலுக்கு ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசை தவறிப்போயிருந்தது. அந்த ஒரு பாவத்தை மட்டும் வருகிற வாரம் சாமியாரிடம் சொல்லிவிடுவது என்று இருவரும் முடிவு செய்தார்கள்.