ஐந்து கிலோ ஹார்மோன்

"மூணு மாசத்துல அஞ்சு கிலோ! மதுரை மாநாட்டுல உங்க எடையைப் பத்தித்தான் பேசப் போறேன், ரங்கு சார்" என்றார் டாக்டர் சிவப்பிரகாஷ்.

டயாலிசிஸ் முடிந்து எடை மெஷினிலிருந்து இறங்கிய ரங்கு, யாரைப் பற்றிய பேச்சோ என்பது போல ஜன்னல் வழியே துறைமுகத்துக் கிரேன்களைப் பார்த்தார்.

மூன்று மாதத்துக்கு முன் அவர் நாற்பத்தொரு கிலோ. சிறுநீரகம் தர மனைவி செங்கமலவல்லி தயார். பொருத்தமும் சரி. "சத்தே இல்லாத உடம்பு, கத்தி வைக்க முடியாது. தேறினால்தான் ஆபரேஷன்" என்று சென்னையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

தினம் நாலு முட்டை வெள்ளைக்கரு என்று எழுதிக் கொடுத்தார் டாக்டர். செங்கமலவல்லி அந்தச் சீட்டைத் தொடக்கூட இல்லை.

"ஆழ்வார் அவதரிச்ச ஊர்க்காரா நாங்க! முட்டைன்னு காதால கேட்டதுக்கே ஆத்துக்குப் போய்த் தலைக்கு ஊத்திக்கணும்!" என்று வார்டே திரும்பிப் பார்க்க முழங்கினாள்.

அதனால்தான் ஹார்மோன் ஊசி. தினம் ஒன்று போட்டால் தசை பிடிக்கும் என்பது டாக்டரின் ஆய்வு. அந்த ஆய்வில் ரங்கு ஏழாவது ஆள். எடை ஏறிய முதல் ஆள்.

"ரத்தத்துல புரதமும் ஏறியிருக்கு. ஆபரேஷனுக்குத் தேதி கேட்டிருவோம். பாத்தீயளா மாமி, ஊசி செய்யுத வேலையை!"

"எல்லாம் பெருமாள் கடாட்சம்" என்ற செங்கமலவல்லி, மாத்திரை வாங்கப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் ரங்கு கதவைச் சாத்தினார்.

"டாக்டர், மாநாட்டுல என் பேரைச் சொல்லிடாதேங்கோ."

"ஏன் சார்? பெருமைதானே?"

"அந்த ஊசியைப் பத்து நாளோட நிறுத்திட்டேன். கையெல்லாம் வீங்கித்து."

டாக்டரின் முகத்தில் மாநாடு கலைந்தது. "அப்ப இந்த அஞ்சு கிலோ?"

"எதிர்த்தாத்து தேவபிரசாதம், கம்பவுண்டரா இருந்து ரிடையர் ஆனவர். ஊசி போட்டுக்கத் தினம் மத்தியானம் அங்கதான் போவேன். முதல் நாளே தலை சுத்தித்து. 'வெறும் வயித்துல ஊசி போட்டா அப்படித்தான் வே. ஒரு வாய் தின்னும்'னு தட்டை நீட்டிட்டார். தின்னு முடிச்சப்புறம்தான் என்னன்னு கேட்டேன். அவருக்குக் கடலோரத்துப் புன்னைக்காயல். வேற என்ன இருக்கும்?"

"மீனா!"

"மெள்ளப் பேசுங்கோ! ஊசியை நிறுத்த முடிஞ்சுது டாக்டர், குழம்பை நிறுத்த முடியலை. இன்னும் ஊசி போட்டுக்கறதாத்தான் இவ நினைச்சுண்டிருக்கா."

டாக்டருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "மாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா நல்லதுல்லா?"

"சொன்னா ஆபரேஷனே கிடையாது! வெங்காயம்கூட அறியாத கிட்னி அது. மீன் தின்ன உடம்புக்குள்ள அதை அனுப்புவாளா? தரமாட்டேன்னுடுவா. என் உயிர் உங்க வாயில இருக்கு."

டாக்டர் சத்தியம் செய்தார். ரங்கு நிம்மதியாக ஆட்டோ பிடிக்கப் போனார்.

அடுத்த நிமிடம் செங்கமலவல்லி உள்ளே வந்தாள். அவளும் கதவைச் சாத்தினாள். டாக்டருக்கு வியர்த்தது.

"அவருக்குத் தெரியவே கூடாது" என்று குரலைத் தாழ்த்தினாள். "ஊளி, பாறை, விளமீன், இதுல எதுல டாக்டர் கிட்னிக்கு ஆகாத அந்தப் பாஸ்பரஸ் கம்மி? நாளைக்கு எதைச் சமைக்கறதுன்னு தேவபிரசாதத்தாத்துல இப்பவே நான் சொல்லியாகணும்."