கார்க்கிலிருந்து வந்த மகன்

"இன்னைக்கும் பையன் வரலைன்னா பன்னெண்டு ஏக்கரையும் உபரின்னு எழுதிட்டுப் போயிடுவேன். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது" என்றார் தாசில்தார் தியாகராசன்.

"வந்துட்டே இருக்கான் சார். அயர்லாந்துன்னா பக்கமா? கார்க்குன்னு ஒரு ஊரு. அங்க யுனிவர்சிட்டியில பால் பண்ணைப் படிப்பு" என்று சொல்லி, மதலைமுத்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

கார்க்கில் அவருக்கு மகன் யாரும் கிடையாது. அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியாது. குடும்பத்துக்குப் பதினைந்து ஏக்கர்தான், மிச்சமெல்லாம் உபரி, எடுத்துக்கொள்வோம் என்று சர்க்கார் சட்டம் போட்டதும், மற்ற மிராசுதார்கள் கோயில் பேரிலும் வேலைக்காரன் பேரிலும் எழுதிவைத்து மாட்டிக்கொண்டார்கள். இவர் கொஞ்சம் மூளையைச் செலவழித்தார். வயதுக்கு வந்த மகனுக்குத் தனிப் பங்கு உண்டு. ஆகவே ஆசீர்வாதம் என்ற மகன் பேரில் பன்னிரண்டு ஏக்கரை எழுதினார். யாரும் போய்ப் பார்க்க முடியாத ஊருக்கு அவனைக் காகிதத்திலேயே படிக்க அனுப்பிவைத்தார்.

"அந்தப் பேரு மட்டும் வேணாங்க" என்று மனைவி அமலோற்பவம் காலைப் பிடித்து அழுதாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த நிலத்தில் கூலிக்கு உழுத இளையபெருமாள் சும்மா இருந்தானா? சங்கத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், அப்படி ஒரு மகனே கிடையாது என்று மனு கொடுத்துவிட்டான். இதோ, விசாரணையைப் பார்க்க வாசலில் வந்து நிற்கிறான்.

இனி மைத்துனன் சவரியப்பன்தான் கதி. திருச்சியில் நாடகத்தில் நடிக்கும் பையன் ஒருவனைப் பேசி முடித்து, பத்து மணிக்குள் அனுப்பிவைப்பதாகச் சொல்லியிருந்தான். மணி பதினொன்று ஆகிவிட்டது.

"அப்பா, வந்துட்டேன்" என்றது ஒரு குரல்.

வாசற்படியில் நெட்டையாக ஓர் இளைஞன் நின்றான். முழங்கால் வரை தொங்கும் கறுப்புக் கோட்டு. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்க, அந்தக் கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அமலோற்பவம் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். அவன் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். பிறகு அவன் நெஞ்சில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். இந்த நாடகத்துக்கு வரவே மாட்டேன் என்று அடம்பிடித்தவள் இவ்வளவு நன்றாக நடிக்கிறாளே என்று மதலைமுத்துவுக்கு ஆச்சரியம்.

"என்ன தம்பி, இந்த வெயில்ல நனைஞ்சு வந்திருக்கீங்க?" என்று கேட்டார் தாசில்தார்.

"அங்க ஓயாத மழைங்க சார்."

"கார்க் எப்படிப்பட்ட ஊரு? கொஞ்சம் சொல்லுங்க, கேட்போம்."

"ஆறு ரெண்டாப் பிரிஞ்சு ஊரைச் சுத்திட்டு ஓடும். எங்க காலேஜு ஆத்தங்கரையிலதான். மேட்டுல ஒரு கோயில் இருக்கு. அதோட கோபுரத்துல நாலு பக்கமும் கடிகாரம். நாலும் நாலு நேரத்தைக் காட்டும். அதனால அதுக்குப் பொய்யன்னே பேரு வெச்சிருக்காங்க."

தாசில்தார் சிரித்தார். சவரியப்பன் பையனை நன்றாகத்தான் தயார் செய்திருக்கிறான் என்று மதலைமுத்துவுக்கு உயிர் வந்தது. ஆனால் அந்தப் பையன் ஒருமுறைகூடக் கண்ணை இமைக்காதது என்னவோ போலிருந்தது.

"இவர்தான் உங்க மகன்னு உறுதி சொல்லிக் கையெழுத்துப் போடுங்க" என்று தாசில்தார் காகிதத்தை நீட்டினார். மதலைமுத்து வாசலில் நின்ற இளையபெருமாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கொட்டை எழுத்தில் போட்டார்.

"தம்பி, உங்க வாக்குமூலத்தையும் எழுதிக் குடுத்துடுங்க."

அவன் நின்றபடியே மளமளவென்று எழுதிக் கொடுத்தான். வாசித்த தாசில்தார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்பா நிலத்தை என் பேர்ல எழுதுனதுல எனக்குச் சம்மதம் இல்ல, உழறவங்களுக்கே குடுத்துடுங்கன்னு எழுதியிருக்கீங்க. யோசிச்சுத்தான் எழுதினீங்களா?"

"யோசிச்சுத்தாங்க சார். எனக்குன்னு ஊர்ல மூணடி இடம் இருக்கு. அது போதும்."

மதலைமுத்து தான் போட்ட கையெழுத்தைப் பார்த்தார். இவன் என் மகனே இல்லை என்று எப்படிச் சொல்வது? மை இன்னும் காயவில்லை. இளைஞன் அமலோற்பவத்தின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். தாசில்தார் காகிதங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். அந்தச் சேதியை ஊருக்குச் சொல்ல இளையபெருமாள் வயல் வழியே ஓடினான்.

பன்னிரண்டு ஏக்கர், முப்போகம் விளையும் பூமி, ஐந்து நிமிடத்தில் போய்விட்டது. மதலைமுத்துவுக்கு ரத்தம் கொதித்தது. அந்தக் கூத்தாடிப் பயலின் கழுத்தை நெரித்துவிடுவது என்று வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு எழுந்தார்.

அப்போது சவரியப்பன் மூச்சிரைக்க உள்ளே வந்தான். கூடவே எண்ணெய் வழியும் தலையோடு ஒரு குள்ளப் பையன்.

"மன்னிச்சுக்குங்க அத்தான். நீடாமங்கலம் ரயில்வே கேட்டுல பஸ்ஸு நின்னுபோச்சு. இவருதான் நான் சொன்ன திருச்சிப் பையன். தாசில்தார் வந்துட்டாரா?"

மதலைமுத்து உள்ளறைக்கு ஓடினார். தரையில் போட்டிருந்த இலையில் சோறு தொடாமல் அப்படியே இருக்க, அமலோற்பவம் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"மூணு வயசுல காய்ச்சல்ல போன நம்ம புள்ளை பேரைப் பொய்க்கு இழுக்காதீங்கன்னு சொன்னேனே, கேட்டீங்களா?" என்றாள் அவள். "கல்லறைத் தோட்டம் வரைக்கும் நானும் கூட வரேன்னு சொன்னேன். வேணாம்மா, வழி தெரியும்னுட்டுப் போயிட்டான்."