சுகுமாறனின் லேப்டாப்

"லேப்டாப்பை மட்டும் தொட்டுடாத ஷாமளா. சாயங்காலம் சூப்பர்வைசர் பரீட்சை, அதுலதான் எழுதணும்."

சிகாமட் டவுன் ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் முடித்து வந்த அவள் புருஷன் லோகேஸ்வரன், இதைச் சொல்லிவிட்டு ரூம் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டான்.

அவன் தூங்குகிற நேரம்தான் ஷாமளாவுக்குப் பள்ளிக்கூடம். யாருக்கும் தெரியாமல் டைப்பிங் பழகுவாள். ஆறாம் வகுப்போடு நின்ற படிப்பு. மகள் லோஷினியைப் பாலர் பள்ளியில் சேர்க்கப் போன அன்று, "அம்மா பேரை நீங்களே அடிங்க" என்று டீச்சர் கீபோர்டை நகர்த்தி வைக்க, முதல் எழுத்தைத் தேடியே வேர்த்துப் போனவள்.

தொடாதே என்று சொன்ன அன்றுதானா எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி தெரிய வேண்டும்? பெரிதாக்கலாம் என்று எங்கெங்கோ தட்டினாள். ஓர் இடத்தில் நம்பர்கள் வரிசையாக நின்றன. விருந்துக்குப் போனாலும் இருப்பதிலேயே சின்ன வடையாகப் பார்த்து எடுக்கிறவள் அவள். இங்கேயும் இருப்பதிலேயே சின்ன நம்பராகப் பார்த்து எடுத்தாள்.

ஸ்கிரீன் ஒரு முறை இருட்டி வெளுத்தது. ஒரு பெட்டி வந்து இங்கிலீஷில் என்னவோ கேட்டது. யார் எதைக் கேட்டாலும் தலையாட்டுகிற சுபாவம். பெட்டிக்கும் 'சரி' கொடுத்தாள்.

அவ்வளவுதான். படங்களெல்லாம் தோசைக்கல் அளவுக்கு வந்து நின்றன. பின்னணியில் சிரித்துக்கொண்டிருந்த லோஷினி, தண்ணியில் விழுந்த போட்டோ மாதிரி கலங்கிப் போனாள். பழையபடி மாற்றலாமென்றால், மாற்றுகிற பட்டன் ஸ்கிரீனுக்குக் கீழே எங்கேயோ போய்விட்டது.

"அலமாக்!" என்று பதறினாள்.

லேப்டாப்பைத் தூக்கி, பட்டன் அடியில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். பார்த்த பிறகுதான் தன் புத்தி எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

சிரிப்பு பாதியில் நின்றது. போன தடவையே அவன் கைநழுவ விட்ட சூப்பர்வைசர் வேலை. இந்தத் தடவையும் போனால் காரணம் அவள்தான்.

எழுப்பிச் சொல்லலாம். ஆனால் எப்போதும் கடுகடுவென்று இருக்கிற மனுஷன். திட்டக்கூட வேண்டாம், ஒரு பார்வை போதும்.

லேப்டாப்பில் அவன் போட்டு வைத்திருப்பதன் பெயர் லினக்ஸ், காசில்லாமல் யாரும் போட்டுக்கொள்ளலாம், அதற்குப் பென்குயின் படம். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். போனில் தேடினாள். ஒரு வீடியோ வந்தது. அதன் கீழே, லினக்ஸில் தகராறு என்றால் கேட்கலாம் என்று அவர்கள் இருக்கிற ஜொகூர் மாநிலத்து ஆட்களின் குழு ஒன்று.

பெண் பெயரில் கேட்க வெட்கம். பக்கத்து வீட்டு அங்கிளின் பெயரைக் கடன் வாங்கி 'சுகுமாறன்' ஆனாள். ஸ்கிரீனைப் படம் எடுத்து அனுப்பி, 'அண்ணே, அவசரம். ஹெல்ப் பண்ணுங்க' என்று போட்டாள்.

'பென்குயின்' என்ற பெயரில் ஒருத்தர் தனியாகவே பதில் போட்டார்.

'பயப்படாதீங்க தம்பி. சரி பண்ணிடலாம்.'

'அங்கேருந்தே நீங்க சரி பண்ண முடியாதாண்ணே? அந்த மாதிரி வசதி இருக்காமே?'

பதில் வந்தது.

'பண்ணலாம். ஆனா நான் பண்ணிட்டா, அப்புறம் நீங்க அதைத் தொடவே பயப்படுவீங்க. நீங்களே பண்ணுங்க, நான் சொல்றேன்.'

மூன்று பட்டனைச் சேர்த்து அழுத்தச் சொன்னார். ஒரு கருப்புப் பெட்டி திறந்தது. அதில் அடிக்க வேண்டியதை எழுத்து எழுத்தாகச் சொன்னார். எக்ஸ், ஆர், ஏ... ஷாமளா ஒற்றை விரலால் கோழி கொத்துவது போல் கொத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. படம் எடுத்து அனுப்பினாள்.

'நடுவுல டி விட்டுப் போச்சு தம்பி.'

மறுபடி கொத்தினாள். இந்தத் தடவை, விட வேண்டிய இடத்தில் இடம் விடவில்லை. அதற்கடுத்த தடவை, விடக்கூடாத இடத்தில் விட்டிருந்தாள்.

'சாரிண்ணே. நான் ஒரு மக்கு.'

'மக்குன்னா மூணாவது தடவை அடிப்பாங்களா? மெதுவா அடிங்க. கீபோர்டு எங்கயும் ஓடிடாது.'

ஷாமளாவுக்குக் கண் லேசாகக் கலங்கிவிட்டது. இப்படியும் ஓர் ஆம்பளை! எந்த மகராசிக்கு வாய்த்தாரோ? நமக்கும் ஒன்று வாய்த்திருக்கிறதே என்று சாத்தியிருந்த ரூம் கதவை ஒரு முறை முறைத்துவிட்டு, மறுபடி அடித்தாள்.

என்டர்.

ஸ்கிரீன் இருட்டி வெளுத்தது. எல்லாம் அதனதன் அளவுக்கு வந்து உட்கார்ந்தன. லோஷினி பளிச்சென்று சிரித்தாள்.

சந்தோஷத்தில் போனில் ஷாமளாவின் கட்டைவிரல் பறந்தது.

'வந்துடுச்சுண்ணே! உங்க சம்சாரம் குடுத்து வெச்சவங்க. எங்க வீட்டுக்காரருக்கு இந்தப் பொறுமையில கால்வாசி இருந்தா, நான் ஏன் இப்படி ஒளிஞ்சு ஒளிஞ்சு பழகப் போறேன்?'

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. சுகுமாறனுக்கு ஏது வீட்டுக்காரர்?

அழிக்கலாமென்று பார்த்தால், அவர் படித்துவிட்டதாகக் காட்டியது. பென்குயின் ஏதோ எழுத ஆரம்பித்தார். நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். நிறுத்தியே விட்டார்.

பதில் போனில் வரவில்லை. ரூமுக்குள்ளிருந்து வந்தது.

"தம்பி சுகுமாறன்... ஒரு தேத்தண்ணி போட்டுக் கொண்டாங்க. குடிச்சிட்டு, பக்கத்துல உக்காந்தே சொல்லித் தரேன். இனிமே ஒளிய வேணாம் லா."